காப்பிக் கலர் பாவாடை

அத்தியாயம் 6

“நான் விசாரிச்சா பொம்மைப் பாவாடைகூட வாயைத் திறந்து சாட்சி சொல்லும்!”

பக்தவத்சலம் இப்படி முழங்கியபோது, பூந்தமல்லி மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருந்த பல்லவன் பஸ் ஒன்று நடுங்கி நின்றுவிட்டது. ஸ்டாப்பிங் வந்ததால் நின்றது என்று சிலர் சொல்வார்கள். அவர்களை நம்ப வேண்டாம்.

ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆன மனிதர். ஒரு போல்ட்டை முகர்ந்து பார்த்தே, அதை முறுக்கியவன் காலையில் இட்லி தின்றானா பொங்கல் தின்றானா என்று சொன்னவர். ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் மீசையை முறுக்கிவிட்டு, ‘தனியார் துப்பறிவாளர்’ என்று பலகை எழுதி, அதை மாட்ட சொந்தச் சுவர் கிடைக்காமல் ஜமீலாவின் தையல் கடையில் மாட்டினார். அன்று முதல் ஜமீலா அவருடைய உதவியாளர். அவருடைய வண்டியும் அவள்தான், வண்டியோட்டியும் அவள்தான். பாதிக் கேஸ்களில் குற்றவாளிகள் அவள் வாய்க்குப் பயந்தே உண்மையைக் கக்கினார்கள்.

ஜமீலா மிஷினை மிதிப்பதை நிறுத்தாமலே கேட்டாள். “இன்னா சார், டூப் வுடறதுக்கு ஒரு அளவு வாணாம்? பாவாடைக்கு வாய் ஏது? நாடாதான் கீது.”

“பேச வெச்சுட்டா?”

“பேசிச்சுன்னா என் வாயால ஒத்துக்கிறேன், போதுமா?”

“இந்த ஜென்மத்துல நீ எதையாவது ஒத்துக்கிட்டிருக்கியா?”

“ஒத்துக்கிற மாதிரி நீங்க எதுனா செஞ்சாதானே!”

எதிரே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த, கேஸ் கொண்டுவந்த கன்னியப்பன் இருமினார். மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அக்காவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சிரிக்கிற வழக்கம்.

“எங்க அக்கா வசந்தகுமாரி, முத்தாபுதுப்பேட்டையில சொந்த வீட்டுல இருக்குது. மாமா போய்ச் சேர்ந்துட்டாரு. ஒரே பொண்ணு பவானி. அதுவும் அஞ்சு வயசுல திருவிழாக் கூட்டத்துல காணாமப் போச்சு. பதிமூணு வருஷம் கழிச்சு, இப்ப மூணு மாசம் முன்னாடி ஒருத்தியைக் கையைப் பிடிச்சு இட்டுக்கினு வந்து, ‘இவதான்டா பவானி’ங்குது. இதே பூந்தமல்லியில அனாதைப் பொண்ணுங்க விடுதியில கனகான்னு வளர்ந்தவ. வர திங்கக்கிழமை வீட்டை அவ பேருக்கு எழுதப் போவுதாம்.” சிரித்தார். “பைத்தியம்!”

“பொண்ணு தான் பவானின்னு எப்படி நிரூபிச்சா?” என்றார் பக்தவத்சலம்.

“அங்கதான் சார் வில்லங்கமே. தெருவையே கூட்டி வெச்சு, அவளை வாசல்லயே நிறுத்தி, ‘சின்ன வயசுல இன்னா ஞாபகம் கீது, சொல்லு’ன்னேன். ‘மரப்பாச்சி பொம்மை இருந்துச்சு. அம்மா அதுக்குக் கையாலயே காப்பிக் கலர்ல பாவாடை சட்டை தெச்சாங்க’ன்னா. அக்கா ஓடிப்போயி ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாந்துச்சு. பதிமூணு வருஷமா பூட்டி வெச்சிருந்த டப்பா. கூடப் பொறந்த எனக்கே காட்டினதில்ல. திறந்தா, உள்ள மரப்பாச்சி. காப்பிக் கலர் பாவாடை, காப்பிக் கலர் சட்டை! தெருவே ஓன்னு அழுதுச்சு.”

அன்று சிந்திய கண்ணீரின் ஈரம் வெள்ளானூர் வரைக்கும் போனதாகப் பிற்பாடு பேச்சு.

“நான் மட்டும் அழல,” என்றார் கன்னியப்பன், பெருமையாக.

“அது மூஞ்சைப் பாத்தாலே தெரியுது,” என்றாள் ஜமீலா.

* * *

ஜமீலாவின் டிவிஎஸ் ஃபிப்டியில் பக்தவத்சலம் பின்னால் ஏறி உட்கார்ந்தால் முன்சக்கரம் ஆகாயத்தைப் பார்க்கும். அதை ஆவடி மண்ணில் அழுத்தி ஓட்டுவதற்கு ஜமீலா முன்பக்கக் கூடையில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு போவாள். அவள் சொல்வது அப்படி. அவர் சொல்வது, இஸ்திரிப் பெட்டி ஆயுதம் என்று.

“சார், ஒண்ணு மனசுல இடிக்குது.”

“என் வயிறா?”

“அது முதுகுல இடிக்குது. இது வேற. எத்தினி வருஷமா பொம்பளப் பசங்களுக்குப் பாவாடை தெச்சுக்கினு கீறேன்? செவப்பு கேப்பாங்க, ரோஸ் கேப்பாங்க, மஞ்சாவுல ஜரிகை கேப்பாங்க. அஞ்சு வயசுப் பொண்ணு எதுனா காப்பிக் கலரு கேக்குமா? எந்த அம்மாக்காரி பொம்மைக்குக் காப்பிக் கலரு தெப்பா?”

அவர் வண்டி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “நேத்து ராத்திரியே எனக்குத் தோணிடுச்சு.”

“கேஸே இன்னிக்கிக் காலைலதானே வந்துச்சு?”

அது அவர் காதில் விழவே இல்லை. “பதிமூணு வருஷம் துவைக்காத துணி ஜமீலா! அழுக்கும் எண்ணெயும் புகையும் ஏறி, எந்தக் கலரும் காப்பிக் கலராத்தான் ஆயிருக்கும். நிஜப் பவானிக்குத் தெரிஞ்சது புதுத்துணியோட நிறம். இந்தப் பொண்ணு சொன்னது இன்னிக்கு இருக்கிற அழுக்கோட நிறம். அப்படின்னா டப்பாவைச் சமீபத்துல பார்த்த எவரோ ஒருத்தர் இவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. பாவாடையைத் துவைச்சாப் போதும். உண்மை வெளியே வந்துடும்.”

“அந்த எவரோ யாரு சார்?”

“அதையும் பாவாடையே சொல்லும்,” என்று மீசையைத் தடவினார். அந்த ஆனந்தம் ஜமீலாவுக்குப் பிடிக்கவில்லை.

* * *

நவராத்திரிக்கு இன்னும் நாலைந்து நாள்தான். பழைய பொம்மைத் துணிகளைத் துவைத்துப் புதுசாக்கித் தருகிறவள் என்று ஜமீலா சொல்லிக்கொண்டாள். பக்தவத்சலத்துக்கு மேனேஜர் வேஷம். புருஷன் வேஷம் போடலாமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு கிடைத்த பதவி அது.

வசந்தகுமாரி கதவைப் பாதி திறந்தாள். நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும். பார்வை மட்டும் எழுபதைத் தாண்டியிருந்தது. ‘பொம்மைத் துணி’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவள் கை தானாக அலமாரிப் பக்கம் நீண்டது.

“எங்ககிட்ட ஒண்ணும் இல்ல.”

“மரப்பாச்சித் துணி எதுனா கீதாம்மா? பூந்திக்கொட்டைல ஒரு அலசு...”

“அதுல தண்ணி படக்கூடாது!” கத்திவிட்டு, உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அவ வாசனை அதுலதான் இருக்கு. நீங்க போங்க.”

அவளுக்குப் பின்னால் நின்றிருந்த பெண், பதினெட்டு வயது, தலைநிறையக் கனகாம்பரம், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெருமுனை டீக்கடையில் கன்னியப்பன் ஏற்கனவே வந்து, பஜ்ஜி தின்றபடி வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தகுமாரி மண்ணெண்ணெய் டின்னோடு ரேஷன் கடைக்குக் கிளம்பிப் போன மறுநிமிஷம், வீட்டின் பின்பக்கச் சந்தில் காத்து நின்ற இருவருக்கும் எதிரே தட்டிக்கதவு திறந்தது.

“அக்கா! துணி துவைக்கிற அக்கா!” அந்தப் பெண்தான். கையில் பிஸ்கட் டப்பா. “அம்மா வர்றதுக்குள்ள செஞ்சு குடுத்துடுவீங்களா?”

“அம்மா வாணான்னாங்களே கண்ணு?”

“அம்மா தினம் இதை மோந்து பார்த்து அழறாங்க. நான்தான் வந்துட்டேனே, இன்னும் எதுக்கு அழணும்? பளிச்சுன்னு துவைச்சு, கொலுவுல மேல்படியில வெக்கப் போறேன். பார்த்தா சந்தோஷப்படுவாங்க, இல்ல?”

ஜமீலா மேனேஜரைத் திரும்பிப் பார்த்தாள். மேனேஜரின் மீசை நுனிகள் இரண்டும் குதித்துக்கொண்டிருந்தன.

“ஆரம்பி ஜமீலா,” என்றார்.

* * *

கிணற்றடியில் பித்தளைத் தாம்பாளத்தை வைத்தார்கள். ஜமீலா ஊறவைத்துக் கொண்டுவந்திருந்த பூந்திக்கொட்டையைக் கசக்கி நுரை எடுத்தாள். சட்டையிலிருந்த துருப்பிடித்த டிச் பட்டனைத் தனியாகப் பிரித்தாள். சாயம் போகிறதா என்று பார்க்க, வெள்ளைத் துணியை நனைத்து உள்பக்கத் தையலில் ஒற்றினாள். சாயம் ஒட்டவில்லை. அழுக்குதான் ஒட்டியது.

“கசக்கக் கூடாது கண்ணு. பொறந்த கொழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு அமுக்கணும். தண்ணிய மட்டும் மாத்திக்கினே இருக்கணும்.”

“நானே செய்யவா? அம்மாகிட்ட நான்தான் துவைச்சேன்னு சொல்லணும்.”

அவளே செய்தாள். அதுதான் கொடுமை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தன் சொந்தக் கையால் அமுக்கினாள். தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி இறங்கியது. முதல் தண்ணீரில் கூடுவாஞ்சேரி வரைக்கும் காப்பி கொடுக்கலாம். இரண்டாவது தண்ணீரில் ஆவடி வரைக்கும்.

பாவாடையைத் திருப்பிப் பிடித்த ஜமீலாவின் விரல் ஓரிடத்தில் தடுக்கி நின்றது. கீழ் விளிம்புக்கு மேலே, அழுக்கில் அப்பிப்போய்க் கண்ணுக்கே தெரியாமல் கிடந்த ஒரு மடிப்பு. சீரான கைத்தையல்.

“டக்கு!” என்றாள், தன்னை மறந்து. “பொம்மைப் பாவாடைல எவளாவது டக்கு வெப்பாளா?”

“டக்குன்னா?” என்றார் மேனேஜர்.

“வளர்ற பசங்களுக்குத் துணியை உள்ள மடிச்சுத் தெச்சு வெப்போம் சார். உயரமாச்சுன்னா பிரிச்சு வுட்டுக்கலாம். மரப்பாச்சி இன்னா, உயரமாவா ஆவப் போவுது?” அந்தப் பெண்ணைப் பார்த்தாள். “கண்ணு, இது எதுக்கு வெச்சாங்கன்னு ஞாபகம் கீதா?”

அந்தப் பெண்ணின் பாட்டு நின்றது. யோசித்தாள். மனசுக்குள் எல்லா அறையிலும் புகுந்து தேடுகிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

“தெரியலையே அக்கா.”

பக்தவத்சலம் ஊசியை எடுத்து ஜமீலாவிடம் நீட்டினார். “பிரி.”

“வாணாம் சார்.”

“பிரின்னு சொல்றேன்.”

தையல் ஒவ்வொன்றாக விட்டது. மடிப்பு விரிந்தது. உள்ளே, வெயிலும் விரலும் படாத இடத்தில், கிளிப்பச்சை. கண்ணைக் குத்துகிற கிளிப்பச்சை. அடுத்த தண்ணீரில் பாவாடை முழுக்கப் பச்சை. அதற்கடுத்த தண்ணீரில் சட்டை மஞ்சள்.

அந்தப் பெண் தாம்பாளத்துக்குள் குனிந்து பார்த்தாள். “அக்கா, காப்பிக் கலர் எங்க போச்சு?”

காப்பிக் கலர் முழுவதும் தாம்பாளத்துத் தண்ணீரில் இருந்தது. அதைச் சொல்ல ஜமீலாவுக்கு வாய் வரவில்லை. அவள் வாய் அடைத்துப்போனது சரித்திரத்தில் அதுவே முதல் தடவை.

டணார் என்று மண்ணெண்ணெய் டின் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

* * *

வசந்தகுமாரி துண்டின்மேல் கிடந்த பச்சைப் பாவாடையைப் பார்த்தாள். பிரிந்து கிடந்த டக்கைப் பார்த்தாள். அவள் கண்கள் அங்கிருந்து நகரவில்லை.

“‘நான் வளர்றேன் இல்ல, அவளும் வளருவாம்மா, டக்கு வெச்சுத் தை’ன்னா,” என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. “ஒரே அடம். கிளிப்பச்சைதான் வேணும்னு ஒரே அடம். எனக்கே... எனக்கே மறந்து போச்சே.”

“பார்த்தியா, பார்த்தியா!” கன்னியப்பன் பஜ்ஜிக் கையோடு தட்டிக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “காப்பிக் கலராம்! திருட்டு நாயே, எவன்டி உனக்குச் சொல்லிக் குடுத்தது? போலீஸ்ல வெச்சு உரிச்சாத்தான் சொல்லுவ!”

“எனக்கு நிஜமா ஞாபகம் இருக்கு,” என்றாள் அந்தப் பெண். குரல் கிழிந்துவிட்டது. “காப்பிக் கலர்தான். நிஜமா ஞாபகம் இருக்கு.”

“சார், போதும். கெளம்பலாம்.” ஜமீலா பக்தவத்சலத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை. பாதியில் நிறுத்தத் தெரியாத மனிதர். முப்பது வருஷம் டாங்கியின் கடைசி நட்டு வரைக்கும் தட்டிப் பார்த்த கை அது.

“மிஸ்டர் கன்னியப்பன், அவளை விடுங்க. அவ ஒரு பொய்யும் சொல்லல. கேட்டதைத்தான் ஞாபகம்னு நினைச்சுக்கிட்டிருக்கா. கேள்வி அது இல்ல. இந்தத் துணி காப்பிக் கலர்னு யாருக்குத் தெரியும்? பதிமூணு வருஷமா பூட்டின டப்பா. உங்களுக்கே காட்டாத டப்பா. அதைத் தினம் திறந்து, தினம் தொட்டு, தினம் மோந்து, கொஞ்சம் கொஞ்சமா நிறம் மாறினதுகூடத் தெரியாம, கடைசியில தான் தைச்ச நிறத்தையே மறந்து போன கண்ணு இந்த வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான்.” விரலை நீட்டினார். “சொல்லிக் குடுத்தது நீங்கதாம்மா.”

வசந்தகுமாரி கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் மறுக்கவில்லை. “வேணும்னு சொல்லிக் குடுக்கல. வருஷா வருஷம் பவானி பிறந்த நாளைக்கு அந்த விடுதிக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். இவ பக்கத்துல வந்து உட்கார்ந்துப்பா. கேக்க ஒரு ஆள் இருந்துச்சு, பவானியைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் இவளே, ‘எனக்கு அந்தப் பொம்மை ஞாபகம் வருதும்மா’ன்னா.” மூச்சு விட்டாள். “நான் இல்லன்னு சொல்லல.”

“ஏன்?” என்றார் கன்னியப்பன்.

“நீதான்டா! வாரா வாரம் வந்து, ‘உனக்கப்புறம் யாரு’ன்னு சுவத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தியே. எவளோ ஒருத்திக்கு எழுதினா என்னைப் பைத்தியம்னு பட்டம் கட்டி அடைச்சிருப்ப. மகளுக்கு எழுதினா வாயை மூடுவன்னு நினைச்சேன்.”

கன்னியப்பன் சிரித்தார். “இப்ப மகளும் இல்ல.”

“சிரிக்காதீங்க,” என்றார் பக்தவத்சலம், தாங்க முடியாத குஷியோடு. “வீடு யார் பேர்ல இருக்கு? உங்க அக்கா பேர்ல. எவருக்கு வேணும்னாலும் எழுதலாம். அதுக்கு மகளா இருக்கணும்னு சட்டமே இல்ல. தெருவுல போற நாய் பேருக்கு எழுத முடியாதே தவிர, உங்களைத் தவிர மத்த எல்லாருக்கும் எழுதலாம்.”

அந்தச் சிரிப்பு கன்னியப்பனின் முகத்தில் இறங்க வழி தெரியாமல் பல்லிலேயே தொங்கியது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் ஜமீலா அதைப் பார்க்கவில்லை. அவள் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் யாரு?”

மெதுவாகத்தான் கேட்டாள். வசந்தகுமாரி எழுந்து கையை நீட்டினாள். “நீ இங்கயே இரும்மா. எதுவும் மாறல. வீடு உனக்குத்தான்.”

“நீங்க தினம் டப்பாவைத் திறந்து அழுதீங்களே, நான் பக்கத்துல இருக்கிறப்பவே. நான்தான் வந்துட்டேனேன்னு எத்தனை தடவை சொன்னேன்! எனக்காக அழறீங்கன்னு நினைச்சேன்.”

உள்ளே போனாள். வரும்போது விடுதியிலிருந்து கொண்டுவந்த துணிப்பை கையில் இருந்தது. தலையில் கனகாம்பரம் இல்லை. ஈரப் பாவாடையைத் துண்டில் வைத்துச் சுருட்டி, ஜமீலா சொல்லிக்கொடுத்தபடியே அமுக்கி நீரை எடுத்தாள். உதறி, வசந்தகுமாரியின் கையில் வைத்தாள்.

“நிழல்ல காய வைக்கணுமாம். டப்பாவுல கொஞ்சம் வெட்டிவேர் போட்டு வெச்சா வாசனையா இருக்கும்.” தட்டிக்கதவு வரை போய்த் திரும்பினாள். விடுதிப் பெண்கள் சோறு போடுகிறவர்களிடம் விடைபெறுகிற அதே மாதிரி, கை கூப்பினாள். “வரேன் மேடம்.”

வசந்தகுமாரி அவள் பின்னால் ஓடவில்லை. ஈரத்துணியை மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு முறை. மறுபடி ஒரு முறை, இன்னும் ஆழமாக. பூந்திக்கொட்டை வாசனை மட்டும் வந்தது. அதற்குப் பிறகு அவளிடமிருந்து கிளம்பிய சத்தத்தைக் கேட்டு, கன்னியப்பனே பஜ்ஜியைக் கீழே போட்டார்.

* * *

டிவிஎஸ் ஃபிப்டியின் பின்சீட்டில் கனகா ஏறிக்கொண்டாள். எடை குறைந்ததில் வண்டி நிமிர்ந்து நின்றது. பக்தவத்சலம் ரோட்டோரம் நின்றார். ஆவடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் நடந்துதான் போயாக வேண்டும். மீசையின் இடது நுனி கீழே இறங்கியிருந்தது. அதை ஏற்றிவிடக் கையைத் தூக்கியவர், என்ன நினைத்தாரோ, தூக்கிய கையைக் கீழே போட்டார்.

ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை அவரால். “ஜமீலா... பாவாடை பேசிச்சா, இல்லையா?”

ஜமீலா பெடலை மிதித்தாள். முதல் மிதியில் வண்டி கிளம்பவில்லை. இரண்டாவது மிதியிலும் கிளம்பவில்லை. முதுகுப் பக்கம் அவள் ரவிக்கை நனைந்துகொண்டே வந்தது. பின்னால் இருந்தவள் அதில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

“பேசிச்சு சார்,” என்றாள் ஜமீலா, அவரைத் திரும்பிப் பார்க்காமல். “என் காதால கேட்டேன். ஒத்துக்கிறேன்.”